மண் வயனமும் ரகமும்

ராசிபுரத்திலோ சங்ககிரியிலோ காடு வாங்கப் போகிறவர் பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் பார்த்த கையோடு அ-பதிவேட்டையும் ஒருமுறை பார்ப்பார். கிராம நிர்வாக அலுவலரின் மேசையில் கிடந்த அந்தப் பெரிய நோட்டு இப்போது கைபேசியிலேயே வந்துவிட்டது. புல எண், பரப்பு, நன்செய்யா புன்செய்யா, தீர்வை எவ்வளவு என்ற விவரங்களுக்கு நடுவே ‘மண் வயனமும் ரகமும்’ என்று ஒரு கட்டம் இருக்கும். சிறு கோட்டின் இருபுறமும் இரண்டு எண்கள். பக்கத்திலேயே ‘தரம்’ என்று இன்னோர் எண். வாங்குகிறவர் அதைக் கவனிப்பதில்லை. விற்கிறவருக்கும் அதன் பொருள் தெரியாது. அடுத்த காட்டில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, தார்ச்சாலை எவ்வளவு தூரம் என்பதில்தான் பேரம் நடக்கும்.

யாரும் படிக்காத அந்த எண்கள், சேலம், நாமக்கல் சமவெளியின் மண்ணைப் பற்றி அரசாங்கம் எழுதிவைத்த தீர்ப்பு. வெள்ளைக்காரன் காலத்துத் தீர்ப்பு என்றாலும் இன்றுவரை யாரும் அதை மேல்முறையீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

கதை 1792இல் தொடங்குகிறது. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். நிர்வகிக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரி. அவருக்கு உதவியாக மூன்று பேர். வடக்கே கிரஹாம், நடுவே தருமபுரியில் தாமஸ் மன்றோ, தெற்கே சேலம், நாமக்கல் பக்கம் மெக்லியாட். பின்னாளில் சென்னை மாகாண ஆளுநராகி, இன்றும் தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கிறாரே, அந்த மன்றோதான். அப்போது அவர் முப்பதைத் தாண்டிய சாதாரண லெப்டினன்ட்.

இவர்கள் செய்த காரியம் பெரியது. இடையில் ஜமீன்தார் யாருமில்லாமல், ஒவ்வொரு உழவனின் ஒவ்வொரு வயலையும் அளந்து, அதற்கு நேராக வரி எழுதினார்கள். தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்குப் பரவிய ரயத்துவாரி முறைக்கு நாற்றங்கால் அன்றைய சேலம் மாவட்டம்தான். முறை நல்லதாகவே தோன்றினாலும் வரி எட்டாத உயரத்தில் இருந்தது. கிணறு வெட்டித் தோட்டமாக்கிய நிலத்துக்கு மானாவாரிக் காட்டைவிடப் பல மடங்கு தீர்வை. உழைத்து மண்ணைச் சீர்படுத்தியவன் அதற்காகவே கூடுதலாகக் கட்டினான். ரீட் போனபின், 1802 முதல் சில ஆண்டுகளில் கம்பெனி தன் மனத்தை மாற்றிக்கொண்டு கிராமங்களை ‘மிட்டா’ என்ற பெயரில் கூறுபோட்டு ஏலம் விட்டது. ஏலம் எடுத்த மிட்டாதார்களில் பலர் அந்த வரியைக் கட்ட முடியாமல் விழுந்தார்கள். கிராமங்கள் ஒவ்வொன்றாக மறுபடி சர்க்காரிடமே வந்தன. சேலம், தருமபுரிப் பக்கம் இன்றும் சில ஊர்ப்பெயர்களில் மிட்டா ஒட்டிக்கொண்டிருப்பது அந்தக் காலத்து மிச்சம்.

‘மண் வயனம்’ வந்தது இதற்கும் பிறகு, 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் நடந்த மறு நிலவரித் திட்டத்தில். வண்டல், கரிசல், செம்மண் என்று மண்ணை வரிசைகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றையும் களி, இருமண், மணல் என்று வகுத்தார்கள். அதற்குள்ளும் மிக நல்லது முதல் மிக மோசம் வரை ரகங்கள். எந்த ரகத்தில் எவ்வளவு தானியம் விளையும், செலவு போக என்ன மிஞ்சும், அதில் பாதி எவ்வளவு என்று கணக்கிட்டுத் தரம் ஒட்டினார்கள். அந்த நாளைக்கு அது கெட்டிக்காரத்தனமான வேலை என்பதை மறுக்க முடியாது. ஆனால் அது கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: இந்த மண்ணிலிருந்து எவ்வளவு எடுக்கலாம்? மண்ணுக்குள் ஆண்டுதோறும் என்ன திரும்பிப் போகிறது என்பதற்கு அதில் கட்டமே கிடையாது. சேலம், நாமக்கல் வேளாண்மையின் இருநூறு ஆண்டுக் கதை இந்த இல்லாத கட்டத்தின் கதை.

*

மண்ணுக்குத் திரும்பிப் போனது கொஞ்சநஞ்சமல்ல.

சேலம் மாவட்டத்துச் செம்மண் தன்னளவில் ஏழை. கருங்கல்லும் நைஸ் பாறையும் உதிர்ந்து உண்டான மண். பல இடங்களில் ஒரு முழம் தோண்டினால் சரளை தட்டும். மழை பெய்தால் வாங்கும், வைத்துக்கொள்ளத் தெரியாது. இந்த மண்ணில் கம்பும் சோளமும் ராகியும் தலைமுறை தலைமுறையாக விளைந்ததென்றால் யாரோ அதற்குத் தொடர்ந்து தீனி போட்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

முதல் தீனி ஆட்டுப்பட்டி. அறுவடை முடிந்த காட்டில் மூங்கில் படல்களை நட்டு, இரவில் செம்மறிகளை அடைப்பார்கள். ஓரிரு இரவு கழித்துப் படலைப் பிடுங்கி அடுத்த துண்டுக்கு மாற்றுவார்கள். இப்படியே காடு முழுக்கப் பட்டி சுற்றி வரும். மேய்ப்பவருக்குத் தானியமும் இரவுச் சோறும் கூலி. புழுக்கையைக் கூடையில் அள்ளி வந்து கொட்டினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கால்நடைக் கழிவின் தழைச்சத்தில் பெரும்பகுதி மூத்திரத்தில் இருக்கிறது. தொழுவத்தில் அது தரைக்குள் வீணாகும், பட்டியில் நேராகப் பயிர் நிலத்துக்கே போகும். மேட்டூர், ஓமலூர் பக்கத்து மேச்சேரிச் செம்மறி இதற்கென்றே வாய்த்த இனம். உடம்பில் கம்பளி கிடையாது, வெயிலைப் பொருட்படுத்தாது, தோலுக்கு நல்ல விலை. பொட்டனேரியில் இதற்கென அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இரண்டாவது வண்டல். சித்திரையில் ஏரி வற்றியதும் மாட்டுவண்டிகள் வரிசைகட்டும். ஏரியின் அடியில் படிந்த களிமண்ணைச் செம்மண் காட்டில் கொட்டிப் பரப்பினால், நீரைப் பிடிக்கத் தெரியாத மண்ணுக்கு அந்தக் குணம் வரும். ஏரியும் ஆழமாகும். மூன்றாவது தழை. கொழிஞ்சி, ஆவாரை, எருக்கு, புங்கன், வேம்பு எனக் கரட்டிலும் வரப்பிலும் கிடைப்பதை வெட்டி வந்து சேற்றில் மிதிப்பார்கள். இவற்றோடு குப்பைக்குழி. வீட்டுச் சாம்பல், மாட்டுச்சாணம், தின்று மிஞ்சிய சோளத்தட்டு எல்லாம் ஆண்டு முழுக்க அதில் சேர்ந்து, முதல் மழைக்கு முன் காட்டுக்குப் போகும்.

விதைப்பிலும் ஒரு யோசனை இருந்தது. கம்பு மட்டும் தனியாக இருக்காது. ஊடே அவரையோ தட்டைப்பயறோ துவரையோ கலந்திருக்கும். பயறுவகைச் செடியின் வேர்முடிச்சில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கின்றன என்று ஹெல்ரீகல் என்ற ஜெர்மானியர் அறிவித்தது 1886இல். காரணத்தை அவர் சொன்னார். காரியம் இங்கே அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நடந்துகொண்டிருந்தது.

நாமக்கல்லின் தென்மேற்கு மூலையில், காவிரிக் கரையோரம், வேறொரு உலகம். ஜேடர்பாளையத்தில் ஆற்றை மறித்து அல்லாள இளைய நாயக்கர் வெட்டியதாகச் சொல்லப்படும் ராஜ வாய்க்கால், பரமத்தி வேலூர் வரை வயல்களை நனைத்துப் போகிறது. அங்கே வெற்றிலைக் கொடிக்கால்கள். அகத்தி மரத்தில் கொடி ஏறும். அகத்தி தழை கொடுக்கும், நிழல் கொடுக்கும், அதுவும் பயறு இனத்து மரமாதலால் மண்ணுக்கும் கொடுக்கும்.

இதையெல்லாம் பொற்காலமாக எழுதிவிடக் கூடாது. குப்பை சுமந்ததும் வண்டல் வெட்டியதும் பெரும்பாலும் நிலத்துக்கு உரியவர்கள் அல்ல. கிணற்றில் எருது பூட்டிக் கவலை இறைக்கத் தோல் பறி தைத்துக் கொடுத்தவர்களும், பண்ணையத்தில் ஆண்டுக்கூலிக்கு அடைபட்டவர்களும் அருந்ததியர்கள். மண்ணை வளமாக வைத்திருந்தவர்களுக்கு மண் சொந்தமில்லை. அ-பதிவேட்டில் அவர்களும் கிடையாது.

*

1876இலும் மறு ஆண்டிலும் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் கிழவர்கள் சொல்கிற அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்திலேயே மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1871 குடிக்கணக்கில் சுமார் 19.67 லட்சம் பேர். 1881இல் சுமார் 16 லட்சம். பத்தாண்டில் பெருகியிருக்க வேண்டிய மக்கள்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. செத்தவர்கள் போக, இலங்கைத் தோட்டங்களுக்கும் வேறு சீமைகளுக்கும் போனவர்கள் மீதி. ஆடுமாடுகளும் ஏராளமாக மடிந்தன. மாடு செத்தால் ஏர் நின்றுபோகும். அதோடு குப்பைக்குழியும் வற்றும். பஞ்சம் முடிந்து மழை திரும்பிய பிறகும் மண் உடனே திரும்பாததற்கு இதுவும் காரணம்.

அடுத்த அடி சட்டமாக வந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் சேர்வராயன், போதமலை, கொல்லிமலை அடிவாரங்களைக் காப்புக்காடாக வேலியிட்டது. மேய்ச்சலுக்கும் தழைக்கும் இனி அனுமதியும் கட்டணமும் வேண்டும். வனம் காப்பாற்றப்பட வேண்டியதுதான். ஆனால் கரட்டுத் தழை கீழே வயலுக்கு இறங்கிவந்த பாதை அன்று அடைபட்டது.

இங்கிலாந்துக்கே இந்த விஷயத்தில் சந்தேகம் வந்தது. அங்கே ராயல் வேளாண்மைச் சங்கத்தின் வேதியியல் ஆலோசகராக இருந்த ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் 1889 இறுதியில் இந்தியா வந்து, ஓராண்டுக்கு மேல் சுற்றி, 1893இல் தடிமனான அறிக்கை ஒன்றை வெளியிட்டார். இந்திய உழவனுக்குப் பாடம் நடத்த வந்தவர், சிறந்த இந்திய உழவன் சராசரி பிரிட்டிஷ் உழவனுக்கு எந்த வகையிலும் குறைந்தவனல்ல, சிலவற்றில் மேலானவன் என்று எழுதிவிட்டுப் போனார். அறியாமை இங்கே குறை இல்லை, எருதான் குறை என்றார். விறகு இல்லாததால் சாணம் அடுப்புக்குப் போகிறது, எலும்பு கப்பலேறிப் போகிறது. விறகுக்கு மரம் வளர்த்தால் சாணம் வயலுக்குத் திரும்பும் என்பது அவர் யோசனை. யோசனை அறிக்கைக்குள்ளேயே இருந்துவிட்டது.

ஒன்று மட்டும் உருப்படியாக நடந்தது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1843 முதல் ஒரே வயலில் ஒரே பயிரை வேறு வேறு உரமிட்டு ஆண்டுதோறும் விளைவித்துப் பார்க்கும் சோதனை நடக்கிறது. அதே மாதிரியில் 1909இல் கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் நிரந்தர உரச் சோதனை வயல் போடப்பட்டது. ஒரு துண்டுக்கு ஒன்றுமே கிடையாது, ஒன்றுக்குத் தொழுஉரம், ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சேர்த்து என்று பிரித்து நூறாண்டுக்கு மேல் விடாமல் நடந்துவருகிறது. 1920களில் குன்னூரிலிருந்த ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் அந்த வயல்களில் விளைந்த தானியங்களை வாங்கி, எந்த உரத்தில் விளைந்தது உடம்புக்கு அதிகம் ஏற்கிறது என்று விஸ்வநாத் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து ஆராய்ந்தார். மண்ணுக்கு என்ன திரும்பிப் போகிறது என்ற கேள்வியை அரசுப் பணத்தில் யாராவது கேட்டார்கள் என்றால் அது இங்கேதான். சேலத்துக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி.

*

மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது. தண்ணீரில் பெரும்பங்கு தஞ்சைக்குப் போனது. சேலத்துக்குக் கிடைத்தது மின்சாரம். 1937இல் அங்கே நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, அடுத்த முப்பது ஆண்டுகளில் கம்பி கிணற்று மேட்டுக்கு வந்து சேர்ந்தது. அதுவரை கிணறு என்றால் கவலை. ஒரு ஜோடி எருது சரிவில் இறங்க, தோல் பறி நீரோடு மேலே வரும். எருது பின்னோக்கி ஏற, பறி கீழே போகும். விடியற்காலையில் பூட்டினால் வெயில் ஏறும்வரை இறைத்தாலும் நனைவது சின்னத் துண்டுதான். மோட்டார் அந்த வேலையை ஒரு பொத்தானில் முடித்தது. அதை யாரும் குறைசொல்ல முடியாது. கவலை ஓட்டியவர்களைக் கேட்டால் மோட்டாரைக் கும்பிடுவார்கள்.

ஆனால் கவலை எருது போனபோது சத்தமில்லாமல் இன்னொன்றும் போனது. தோட்டத்தில் இரண்டு ஜோடி எருது கட்டியிருந்ததற்குக் காரணம் கிணறு. காரணம் தீர்ந்ததும் ஒரு ஜோடி சந்தைக்குப் போனது. டிராக்டர் வந்ததும் மறு ஜோடியும். கறவை மாடு வந்தாலும் அது தொழுவத்திலேயே நின்றது, எண்ணிக்கையிலும் குறைவு. எரு குறைந்த இடத்தை யூரியா மூட்டை நிரப்பியது.

மின்சாரம் பழகியபின் அதன் விலை போராட்டமானது. 1970இல் யூனிட்டுக்கு ஓரிரு பைசா உயர்த்தியதை எதிர்த்துக் கோவைப் பக்கம் மூண்ட கிளர்ச்சியை நாராயணசாமி நாயுடு தலைமையேற்று நடத்தினார். பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972இல் மாட்டுவண்டிகள் கோவை நகரத்தை அடைத்தன. அந்த ஜூலையில் சேலம் மாவட்டம் பெத்தநாயக்கன்பாளையத்திலும் காவல்துறை சுட்டது. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு மின்சாரத்தை இலவசமாக்கியது. 1990 வாக்கில் கருணாநிதி அரசு அனைவருக்கும் ஆக்கியது. நியாயமாகப் போராடிப் பெற்ற சலுகை. அதன் மறுபக்கத்தைத் திருச்செங்கோட்டில் பார்க்கலாம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் தலைநகரம் அந்த ஊர். அங்கிருந்து கிளம்பிய ரிக்குகள் ராஜஸ்தான் வரை துளை போட்டிருக்கின்றன. சொந்த மண்ணில் அறுபது அடிக் கிணறு வற்றி, முந்நூறு அடி போர் வற்றி, ஆயிரம் அடிக்குப் போனவர்களின் பிள்ளைகள்தான் அந்தத் தொழிலை நாடெங்கும் கொண்டுபோனவர்களில் பலர். நாமக்கல்லின் லாரிகளுக்கும் ஏறக்குறைய இதே கதை. மழையை நம்பிய காடு கைவிட்ட குடும்பங்கள் சக்கரத்தை நம்பின.

*

இடையில் இன்னொரு விருந்தாளி வந்து சமவெளியைப் பிடித்துக்கொண்டது. குச்சிக்கிழங்கு.

மரவள்ளி என்ற இந்தக் கிழங்கு தென்னமெரிக்கப் பயிர். திருவிதாங்கூரில் 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்பினார். சேலத்தில் அது தொழிலானது இரண்டாம் உலகப்போரால். மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி போரினால் நின்றது. கேரளத்துக்கு மீன் வியாபாரமாகப் போய்வந்த சேலம் மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவைக் கவனித்தார். பினாங்கில் இருந்தபோதே ஜவ்வரிசித் தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷா அவரோடு சேர, 1943இல் சேலத்தில் ஜவ்வரிசி உருளத் தொடங்கியது. மறு ஆண்டே உணவுத் தட்டுப்பாட்டைக் காட்டி, மரவள்ளிப் பொருள்களைச் சேலத்துக்கு வெளியே விற்கக் கூடாது என்று கலெக்டர் தடை போட்டார். தடையைத் தாண்டித் தொழில் நின்றது. வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக்கின் கைவண்ணத்தில் இயந்திரங்கள் மேம்பட்டன. 1981இல் உற்பத்தியாளர்கள் சேர்ந்து சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவுசெய்தார்கள். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது.

ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டைக் காடுகளுக்குக் கிழங்கு ஏன் பிடித்தது என்பது புரியக்கூடியதே. வறட்சியைத் தாங்கும், விலையில்லாவிட்டால் கொஞ்ச நாள் மண்ணுக்குள்ளேயே விட்டுவைக்கலாம், ஆலை பக்கத்திலேயே. ஆனால் பத்து மாதம் நிலத்தைப் பிடித்துக்கொண்டு, சாம்பல்சத்தை அள்ளிக்கொண்டு போகும் பயிர் அது. நட்ட முதல் மூன்று மாதம் தரை மூடாது. கோடை மழை அந்த நேரத்தில் மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டு போகும். பிடுங்கும்போது மண்ணைப் புரட்டித்தான் எடுக்க வேண்டும். கம்போடு அவரை கலந்திருந்த காட்டில் ஆண்டுக்காண்டு கிழங்கே வந்தது. கொல்லிமலையில் சாமையும் தினையும் இருந்த சரிவுகளில்கூட ஆலைக்கான கிழங்கு ஏறியது, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானியங்களைத் தக்கவைக்கப் பல ஆண்டுகளாகப் பாடுபடுகிறது. ஆலைக் கழிவுநீர் திருமணிமுத்தாற்றையும் வசிஷ்ட நதியையும் நாறடித்தது தனிக்கதை. இப்போது பல ஆலைகள் அந்த நீரிலிருந்து எரிவாயு எடுக்கின்றன.

ஒரே பயிர் என்றால் ஒரே பூச்சிக்கு விருந்து. 2008இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி நாமக்கல், சேலம் கிழங்குக் காடுகளை வெளுக்கவைத்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவி வந்து அதை அடக்கியது. 2020இல் கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி அடுத்த சுற்று. ஆப்பிரிக்காவை 1970களில் பட்டினிக்குத் தள்ளிய அதே பூச்சி. அங்கே அதை வென்ற குளவி, பெனின் நாட்டிலிருந்து பெங்களூரு வழியாக வந்து, 2022 மார்ச் 7 அன்று ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. இரண்டு முறையும் மருந்து தோற்ற இடத்தில் குளவி வென்றது என்பதை மருந்துக் கடைகளில் யாரும் எழுதி ஒட்டவில்லை.

*

போன எரு வேறொரு வழியாகத் திரும்பி வந்தது, அதுவும் எதிர்பாராத வழியாக. நாமக்கல்லில் 1970களிலிருந்து வளர்ந்த கோழிப்பண்ணைகள் இன்று நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டையிடுகின்றன. ஒரு முட்டைக்கோழி நாளைக்குச் சுமார் நூறு கிராம் எச்சமிடும். அதை லாரி லாரியாகக் கிழங்குக் காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் கேரளத் தோட்டங்களுக்கும் விற்கிறார்கள். தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த சரக்கு. ஆனால் அந்தக் கோழி தின்ற மக்காச்சோளம் பெருமளவு கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் பிற மாநிலங்களிலும் விளைந்தது. தாவணகெரே வயலின் சத்து முட்டையாகவும் எச்சமாகவும் பிரிந்து, எச்சம் சேந்தமங்கலத்துக் காட்டில் இறங்குகிறது. இந்தச் சமவெளி மண்ணின் வளம் இப்போது பாதி சாலை வழியாக வருகிறது. டீசல் விலை ஏறினால் எரு விலையும் ஏறும்.

அரசும் மெதுவாகப் பழைய வேலைகளைக் கையில் எடுக்கிறது. 2015 பிப்ரவரியில் மண் வள அட்டைத் திட்டம் வந்தது. ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுக்க 2017இல் தமிழக அரசு அனுமதித்தது. 2024இல் அந்த அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே பெற வழிசெய்தது. அதே ஆண்டு தொடங்கிய ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ என்ற திட்டத்தில் தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் விதைகளை மானியத்தில் கொடுக்கிறது. தாத்தா சித்திரையில் வண்டி பூட்டிச் செய்த வேலைக்குப் பேரன் இணையத்தில் விண்ணப்பிக்கிறான்.

வயனம் எழுதிய நாட்டிலும் இப்போது இதே திண்டாட்டம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியபின் இங்கிலாந்து, ஏக்கருக்கு இவ்வளவு என்ற மானியத்தைப் படிப்படியாக நிறுத்தி, மண்ணைப் பரிசோதிப்பதற்கும் தரிசில் மூடுபயிர் போடுவதற்கும் விவசாயிக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. 2025 மார்ச் 11 அன்று, பணம் தீர்ந்துவிட்டது என்று ஒரே நாளில் புதிய விண்ணப்பங்களை மூடியது. அதற்கு நாலு மாதம் முன்புதான், நிலத்துக்கு வாரிசு வரி போடுவதை எதிர்த்து ஆயிரக்கணக்கான விவசாயிகள் லண்டன் வீதியில் நின்றிருந்தார்கள். அங்காவது மண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு, பணம் இல்லாவிட்டாலும். இங்கே பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு வரும் 6,000 ரூபாய் நிலம் வைத்திருப்பதற்கு. அந்த நிலத்தை எப்படி வைத்திருக்கிறார் என்பதற்கல்ல. அந்த நிலமும் எப்போது யாருக்கு என்று சொல்ல முடியாது. சேலம்–சென்னை எட்டுவழிச்சாலைக்கு 2018இல் கல் நட்டபோது வயலில் விழுந்து அழுதவர்களுக்கு உயர் நீதிமன்றம் 2019இல் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கை செல்லும் என்றது. இரண்டாண்டு அந்தக் காடுகளுக்கு யார் வண்டல் அடித்திருப்பார்கள்?

கிழங்குக்காரரின் கணக்கு இதைவிடச் சின்னது. ஆலை எடைமேடையில் கிழங்குக்கு விலை டன் கணக்கில் மட்டும் இல்லை; மாதிரி எடுத்து மாவுச்சத்து எத்தனை பாயின்ட் என்று பார்த்துத்தான் பணம். பாயின்ட் கூட வேண்டுமானால் சாம்பல்சத்து வேண்டும். சாம்பல்சத்துக்கு முற்றிலும் இறக்குமதியை நம்பிய பொட்டாஷ் வேண்டும். 2010இல் மத்திய அரசு யூரியாவை விட்டுவிட்டு மற்ற உரங்களின் விலைக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோது, டன் 4,455 ரூபாயாக இருந்த பொட்டாஷ் இரண்டே ஆண்டில் மூன்று மடங்குக்கு மேல் போனது. யூரியா மூட்டை இன்றும் முந்நூறு ரூபாய்க்குள். மண் வள அட்டை பொட்டாஷைச் சிபாரிசு செய்கிறது. கடை யூரியாவைச் சிபாரிசு செய்கிறது. குத்தகைக் காடு என்றால் அடுத்த வருடம் அது கையில் இருக்குமா என்றே தெரியாது. நாமகிரிப்பேட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் என்ன செய்வார்? அரை மூட்டை பொட்டாஷ், இரண்டு மூட்டை யூரியா, பணம் இருந்தால் ஒரு லோடு கோழி எரு. கிழங்கு பிடுங்கியபின் காட்டைச் சும்மா போடாமல் ஒரு போகம் கடலையோ உளுந்தோ விதைக்கச் சொல்கிறார்கள் ஏத்தாப்பூர்க்காரர்கள். மழை நேரத்துக்கு வந்தால் விதைக்கிறார்.